வெளியில் தெரியும் துவக்கு

எனக்கு வாய் கூட. அதை நானே முதலில் சொல்லிவிட்டால் மற்றவர்கள் சொல்லத் தேவையில்லை. இத்தாலியில் இந்தப் பலெர்மோவுக்கு வந்து இருபத்தாறு வருசம். என் ஊர் பேசாலையிலிருந்து இங்கே வந்தவர்களில் பாதிப் பேருக்கு வேலை எடுத்துக் கொடுத்தது நான். மிச்சப் பேருக்குப் பெர்மெஸ்ஸோ, அதுதான் இங்கே இருக்கிற அனுமதி, புதுப்பிக்கக் குவெஸ்தூரா பொலிஸ் கந்தோர் வாசலில் வெயிலில் நின்றதும் நான்தான். ஞாயிறு பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது ஆராவது கடதாசியை நீட்டி ஆலோசனை கேட்டால் எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். அந்தக் குளிர்ச்சியில்தான் சாரங்கா என்ற பெட்டையை நாசமாக்கினேன். இதை மண்டபத்தில் வைத்துச் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

நான் வேலை செய்வது லிபெர்த்தா வீதியில், ஐந்தாம் மாடியில், சிஞ்ஞோர் அர்தித்சோனே வீட்டில். பதினான்கு வருசமாக அந்த வீட்டுச் சமையலும் துடைப்பும் மருந்துக் குளிசையும் என் கையில்தான். அவருக்கு எண்பத்தொரு வயது. முந்தி நகைக்கடை வைத்திருந்தவர். அந்தக் கடையைக் காட்டி முப்பத்தைந்து வருசமாக இடுப்பில் பிஸ்ரல் கொண்டு திரிய அனுமதி வைத்திருந்தார். இந்த நாட்டில் அது சும்மா கிடைக்காது. எனக்கு உயிராபத்து இருக்கிறது என்று வருசா வருசம் காரணம் காட்டவேண்டும். கிடைத்தாலும் கோட்டுக்குள் மறைத்துத்தான் கொண்டு போகலாம். கடையை விற்ற பிறகும் எப்படியோ இரண்டு மூன்று வருசம் ஓட்டிவிட்டார். போன வருசம் கடிதம் வந்தது. கடை இல்லை, ஆபத்தும் இல்லை, துவக்கை வீட்டில் வைத்திருக்கலாம், வெளியே கொண்டுபோக முடியாது. மனுசி, சிஞ்ஞோரா, செத்த அன்றுகூட மனுசன் அப்படி அழவில்லை.

அதற்குப் பிறகுதான் வியாழக்கிழமைக் கூட்டம் தொடங்கியது. மத்தியானச் சாப்பாடு முடிய இரண்டு பேர் வருவார்கள். ஒருத்தர் நீனோ. சிகரெட்டும் முத்திரையும் விற்கிற கடைக்காரர், அறுபது வயது, இரண்டு தரம் கடையில் கொள்ளை போனவர், கடை லாச்சியில் பிஸ்ரல் வைத்திருப்பவர். மற்றவர் இளைப்பாறிய கர்னல். பெயர் சொல்லி ஒருவரும் கூப்பிடுவதில்லை, கர்னல்தான். மூன்று பேரும் சேர்ந்து ரோமுக்கு ஒரு மனு எழுதிக்கொண்டிருந்தார்கள். லைசென்ஸ் உள்ள நேர்மையான ஆள் துவக்கை ஒளிக்காமல், இடுப்பில் எல்லாரும் பார்க்கக் கட்டிக்கொண்டு போகச் சட்டத்தை மாற்றவேண்டுமாம்.

மனு ஒன்று. கதை மூன்று. அவர்கள் கதைத்தது இத்தாலியன், எனக்கு ஞாபகத்தில் இருப்பது என் தமிழில்.

"ஒளிச்சு வைக்கிறது கள்ளன்ரை வேலை. நல்லவன் வெளியிலை காட்டுவான். கண்டாலே கள்ளன் ஓடிடுவான்" என்பார் சிஞ்ஞோர்.

"ஓடமாட்டான். முதல் வெடி உனக்குத்தான் வைப்பான். எனக்கு ஒளிச்சுக் கொண்டுபோற அனுமதியைத் தந்தாப் போதும், காட்டுற விளையாட்டு வேண்டாம்" என்பார் நீனோ.

கர்னல் இரண்டு பேரையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போலப் பார்ப்பார். "கேள்வி அதில்லை. ஆரிட்டைக் குடுக்கிறது எண்டதுதான் கேள்வி. பழகின கைக்கு மட்டும் குடுக்கவேணும். பழகாத கையிலை இருக்கிற துவக்கு, ஒளிச்சிருந்தாலும் ஒண்டுதான், தெரிஞ்சாலும் ஒண்டுதான்."

ஒருநாள் என்னையும் இழுத்தார்கள். "அகஸ்ரீனா, நீ யுத்தம் நடந்த நாட்டுக்காரி. உங்கடை ஊரிலை எல்லாரும் வெளியிலை தெரியத்தானே வைச்சிருந்தவங்கள்? பயம் குறைவா இருந்ததா, கூடவா இருந்ததா?" என்று சிஞ்ஞோர் கேட்டார்.

"வைச்சிருந்தவனுக்குக் குறைவு, சிஞ்ஞோர். அவன் ஆமியோ இயக்கமோ, அவனைக் கண்டதும் பயந்து சைக்கிளாலை இறங்கினது நாங்கள்தான்" என்றேன்.

நீனோ விழுந்து விழுந்து சிரித்தார். சிஞ்ஞோருக்குப் பிடிக்கவில்லை. கோப்பியில் சீனி கூடிப்போச்சு என்று என் மேல் பாய்ந்தார். சீனி அளவாகத்தான் இருந்தது.

இந்த ஜூன் மாதம் லண்டனில் என் மகள் அனிற்றாவுக்குப் பிள்ளை பிறக்க இருந்தது. ஆறு கிழமை போய் நிற்கவேண்டும். எங்கள் ஆட்களுக்கு இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. லீவில் போகிறவள் தன் இடத்துக்குத் தானே ஒரு ஆளைப் பிடித்து விடவேண்டும். அந்த ஆள் நன்றாக வேலை செய்யவும் வேண்டும், வீட்டுக்காரருக்கு அளவுக்கு மேல் பிடித்துப் போகவும் கூடாது. எத்தனை பேர் திரும்பி வந்து பார்த்தால் வேலை வீடு போயிருந்தது! அதனால் எனக்கு நன்றிக்கடன் பட்ட, வாய் திறக்காத ஒருத்தியைத் தேடினேன். சாரங்கா கைக்குள் இருந்தாள்.

முப்பத்துமூன்று வயது. வன்னிப் பெட்டை. பல்லரோ சந்தைக்குப் பின்னால் ஒரு அறையில் இன்னும் இரண்டு பேரோடு இருந்தாள். ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவினாள். அவள் பலெர்மோவுக்கு வந்தது இரண்டரை வருசத்துக்கு முன்னால். வந்த மூன்றாம் நாளே ஆரோ என்னிடம் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். அகதி விண்ணப்பம் போட்டு, கொம்மிஸ்ஸியோனே என்ற ஆணைக்குழுவில் விசாரணைக்குப் போகவேண்டும். அங்கே என்ன சொல்வது என்று கேட்டாள்.

"உள்ளதைச் சொல்லு, கேப்பம்" என்றேன்.

சொன்னாள். பதினேழு வயதில் இயக்கம் வீட்டுக்கு வந்து பிடித்துக்கொண்டு போனது. தாய் வாகனத்துக்குப் பின்னால் ஓடி விழுந்தாள். தலைமயிரைக் கட்டையாக வெட்டி, துவக்குக் கொடுத்து, நான்கு மாதம் வைத்திருந்தார்கள். ஒரு செல்லடியில் எல்லாரும் சிதறியபோது துவக்கைப் போட்டுவிட்டுச் சனத்துக்குள் ஓடினாள். முகாமில் இயக்கத்தில் இருந்தவர்களைப் பெயர் கொடுக்கச் சொன்னபோது கொடுக்காமல் தப்பினாள். பத்துப் பன்னிரண்டு வருசம் கழித்து ஆரோ காட்டிக்கொடுத்து, புலனாய்வுக்காரர் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். முதலில் பகலில் வந்தார்கள். பிறகு பகலில் மட்டும் வரவில்லை.

அவள் முடிக்கவில்லை, நான் கையை நீட்டித் தடுத்துவிட்டேன். "வாயைப் பொத்து. துவக்கு எண்ட சொல்லு உன்ரை வாயாலை வரப்படாது. இவங்கள் துவக்கெண்டு கேட்டா அடுத்த பிளேனிலை ஏத்திப்போடுவாங்கள். நீ ஒரு நாளும் ஆயுதம் தொடேல்லை. விளங்கிச்சோ?"

"அப்ப ஏன் அவங்கள் என்னைத் தேடுறாங்கள் எண்டு கேட்டா, அக்கா?"

"தெரியாதெண்டு சொல்லு."

நான் கண்டபடி சொல்லவில்லை. மண்டபத்தில் எல்லாரும் சொல்வதைத்தான் சொன்னேன். இருபது வருசமாக ஒருவர் காதில் ஒருவர் போட்டு வந்த புத்தி இது. ஆனால் அவள் என்னிடம்தான் வந்தாள், நான்தான் சொன்னேன்.

கொம்மிஸ்ஸியோனேயில் நான் சொல்லிக் கொடுத்ததை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்புவித்திருக்கிறாள். ஆயுதம் தொட்டதுண்டா? இல்லை. அப்படியென்றால் உன்னை ஏன் தேடுகிறார்கள்? தெரியாது. ஆறு தரம் கேட்டார்களாம், ஆறு தரமும் தெரியாது. நம்பும்படியாக இல்லை என்று எழுதி நிராகரித்துவிட்டார்கள். நானே ஒரு பெண் வக்கீலைப் பிடித்து நீதிமன்றத்தில் மேன்முறையீடு போடவைத்தேன். அது முடியும்வரை வேலை செய்ய ஒரு தற்காலிகக் கடதாசி கிடைத்தது. விசாரணை ஜூலையில். அதில் தோற்றால் அவள் ஊருக்குத்தான் போகவேண்டும், அந்த ஆட்கள் வருகிற வீட்டுக்கு.

லண்டனுக்குப் போக ஒரு கிழமைக்கு முன்னால் சாரங்காவை லிபெர்த்தாவுக்குக் கூட்டிப்போய் வீடு காட்டத் தொடங்கினேன். காலைக் குளிசை எது, இரவுக் குளிசை எது, வெள்ளை உடுப்புக்கு எந்தச் சவர்க்காரம், எந்த யன்னலைத் திறந்தால் சிரோக்கோ காற்று மண்ணைக் கொண்டுவந்து கொட்டும், எல்லாம் காட்டினேன். கெட்டிக்காரி, ஒரு தரம் சொன்னால் போதும்.

"வியாழக்கிழமையிலை இந்தக் கிழவன்மார் துவக்கை வெளியிலை எடுத்து விளையாடுவாங்கள். நீ கண்டுகொள்ளாதை. கோப்பியை வைச்சிட்டு வா" என்றும் சொன்னேன்.

"அதுக்குள்ளை ரவை இருக்கோ அக்கா?"

"எனக்கென்ன தெரியும்? நான் தூசி தட்டுற ஆள்."

அந்த வியாழக்கிழமை மனு எழுதி முடிந்திருந்தது. சிஞ்ஞோருக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை. அலமாரியிலிருந்து பழைய தோல் உறையை எடுத்து, கம்பளிச் சட்டைக்கு மேலே இடுப்பில் கட்டி, பிஸ்ரலைச் செருகிக்கொண்டு முன் அறைக்குள் அங்கும் இங்கும் நடந்தார்.

"சட்டம் மாறட்டும், இப்பிடித்தான் நான் கோப்பி குடிக்கப் போவன்."

"கோப்பிக் கோப்பையையே உன்னாலை ஆடாமல் பிடிக்கேலாது" என்றார் நீனோ. உண்மைதான். இரண்டு வருசமாகச் சிஞ்ஞோரின் வலது கை நடுங்குகிறது. அவர் ஷேர்ட்டுக்குப் பொத்தான் பூட்டிவிடுவதே நான்தான். அதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. டொக்டருக்குத் தெரிந்தால் வீட்டில் இருக்கும் துவக்கும் போய்விடும்.

நீனோ பகிடிக்குத்தான் சொன்னார். சிஞ்ஞோரின் முகம் சிவந்துவிட்டது. "பார் அப்ப, எவ்வளவு கெதியா எடுக்கிறன் எண்டு!" என்று பிஸ்ரலை உருவினார். பெருவிரலால் அதன் பின்பக்கத்தை இழுத்தார், டக்கென்றது. விரல் விசையில் இருந்தது. கை ஆடத் தொடங்கியது.

"வெறும் துவக்குத்தானே?" என்று நீனோ கேட்டார். அவர் குரல் வேறு மாதிரி இருந்தது.

"முப்பத்தைஞ்சு வருசம் வைச்சிருக்கிறன். எனக்குப் படிப்பிக்கிறியோ!"

"கீழை வை" என்றார் கர்னல். ஆனால் கதிரையை விட்டு எழும்பவில்லை. சிஞ்ஞோருக்கு வைக்கவும் முடியவில்லை. விரல் இறுகிவிட்டது. அவர் கண்ணில் பயம் தெரிந்தது, தன் கைக்கே அவர் பயந்துபோனார். நான் கதவடியில் பிசுக்கோத்துத் தட்டோடு நின்றேன். அந்தக் குழல் சுவரைப் பார்த்தது, நீனோவைப் பார்த்தது, பிறகு எங்கே பார்த்தது என்று பார்க்க எனக்கு மனம் வரவில்லை. கண்ணை மூடி மாதாவைக் கூப்பிட்டேன்.

திறந்தபோது சாரங்கா கோப்பித் தட்டை நிலத்தில் வைத்துவிட்டுச் சிஞ்ஞோரின் பக்கத்தில் போய்விட்டாள். முன்னால் போகவில்லை, பக்கத்தால் போனாள். இடது கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கூரைப் பக்கம் தூக்கினாள், வலது கையால் பிஸ்ரலைக் கழற்றி எடுத்தாள். அவ்வளவுதான், பிள்ளையின் கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்குவது போல. மகசீனை வெளியே எடுத்தாள். மேற்பக்கத்தைப் பின்னால் இழுத்தாள். உள்ளேயிருந்து ஒரு ரவை துள்ளி விழுந்து, சலவைக்கல்லில் உருண்டு சோபாவுக்குக் கீழே போனது. அதற்குப் பிறகும் சுண்டு விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தாள். பிஸ்ரலைச் சுவர்ப் பக்கம் திருப்பி மேசையில் வைத்தாள். இரண்டு அடி பின்னால் வந்து, குதிகால் இரண்டும் ஒட்ட, கை இரண்டும் தொடையோடு, நேராக நின்றாள்.

அந்த ஆமி நிலையைக் கண்டதும் நான் கர்னலின் முகத்தைப் பார்த்தேன்.

நீனோ சிலுவை போட்டார். எழும்பி வந்து அவள் கையைப் பிடித்துக் கொஞ்சினார். "லைசென்ஸ் இவளுக்குத்தான் குடுக்கவேணும்! உனக்கில்லை, கிழட்டு விசரா! உள்ளுக்கை ரவை இருந்திருக்கு!" அழுகையும் சிரிப்புமாக நின்றார்.

கர்னல் அவளை மேலும் கீழும் பார்த்தார். "எங்கை பழகினனி?"

"படத்திலை பாத்திருப்பாள், சிஞ்ஞோர் கர்னல்" என்று நான் முந்திக்கொண்டேன்.

"படத்திலை சுண்டு விரலை விட்டுப் பாக்கிறேல்லை. இருட்டிலை துவக்கோடை படுத்த ஆள்தான் அப்பிடிச் செய்யும்." அவர் என்னோடு கதைக்கவில்லை, தனக்குத்தானே கதைப்பது போலச் சொன்னார். "நாங்கள் இஞ்சை நேர்மையான ஆக்களுக்கு உரிமை கேக்கிறம். எங்கடை கோப்பியைக் கொண்டுவாறது ஆர் எண்டு எங்களுக்குத் தெரியாது."

பழகின கைக்கு மட்டும்தான் கொடுக்கவேண்டும் என்று கிழமைக்குக் கிழமை சொன்ன மனுசன்! பழகின கையைக் கண்ணால் கண்டதும் பயந்துவிட்டார். சிஞ்ஞோர் வெறும் உறை இடுப்பில் தொங்க, தன் வீட்டு வேலைக்காரி தன் கையிலிருந்து பறித்துவிட்டாள் என்று மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குசினிக்குள் இழுத்துக்கொண்டு போய் அவளை ஏசினேன். "உனக்கென்ன விசரே? ஆரடி உன்னைக் கேட்டது? மூண்டு கிழமையிலை வழக்கு, தெரியும்தானே!"

"அவர் சுட்டிருப்பார், அக்கா."

"சுட்டா சுடட்டும்!"

"உங்கடை நெஞ்சுக்கு நேரை பிடிச்சுக்கொண்டு நிண்டவர்" என்றாள்.

நான் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய கோப்பைகளை மறுபடி கழுவினேன்.

அடுத்த கிழமை கர்னல் குவெஸ்தூராவில் எழுத்தில் அறிவித்துவிட்டார். இராணுவப் பயிற்சி உள்ள ஒரு அந்நியப் பெண் அர்தித்சோனே வீட்டில் ஆயுதத்தைக் கைப்பற்றினாள், லைசென்ஸ் உள்ளவன் என்ற முறையில் அறிவிப்பது என் கடமை என்று. ரவை இருந்ததை எழுதவில்லை. எழுதினால் சிநேகிதனின் துவக்கு போய்விடும், தன் லைசென்ஸுக்கும் கேள்வி வரும், மனுவும் நாறிவிடும். பொலிஸ் வந்து கேட்டபோது, துடைப்பதற்காக வெறும் துவக்கை வெளியே எடுத்தேன், அவள் பாய்ந்து பறித்தாள் என்று சிஞ்ஞோர் சொன்னார்.

என்னிடமும் கேட்டார்கள். நான் குசினியில் நின்றேன், ஒன்றும் காணவில்லை என்றேன். சோபாவுக்குக் கீழே கிடந்த ரவையைக் கூட்டியெடுத்துச் சிஞ்ஞோரின் கையில் கொடுத்ததும் நான்தான். ஏன் என்று கேட்பீர்கள். என் சித்தாதினான்த்ஸா விண்ணப்பம், அதுதான் இந்த நாட்டுப் பிரசாவுரிமை, மூன்று வருசமாகக் கிடக்கிறது. பொலிஸ் கடதாசியில் என் பெயர் வந்தால் அது அவ்வளவுதான். அதோடு அந்த வீடும் போய்விடும். எனக்கு ஐம்பத்தாறு வயது.

உண்மையைச் சொன்னது ஒரே ஒருத்தர், நீனோ. இந்தப் பெண்ணால்தான் நான் உயிரோடு இருக்கிறேன், துவக்குக்குள் ரவை இருந்தது என்று தானாகப் போய் எழுதிக் கொடுத்தார். இரண்டு பேருக்கு எதிராக ஒருவர். அதிலும், 'மிகவும் தேர்ச்சியோடு கையாண்டாள்' என்று புகழ்ந்து எழுதியிருந்தார், பாவம் மனுசன். எல்லாவற்றையும் விட அதுதான் அவளுக்குக் கூடாததாகப் போனது.

லண்டன் பயணத்தைப் பத்து நாள் தள்ளிவைத்தேன். பொலிஸ் கடதாசி வழக்குக் கோப்புக்குள் வந்துவிட்டது என்று வக்கீல் கூப்பிட்டாள். சாரங்காவுக்கு இத்தாலியன் வேலைக்குப் போதும், வழக்குக்குப் போதாது. மொழிபெயர்க்க நான் போனேன்.

இந்த முறை அவள் எல்லாவற்றையும் சொன்னாள். வாகனத்துக்குப் பின்னால் தாய் ஓடியது, மயிரை வெட்டியது, நான்கு மாதம், எல்லாம். வக்கீல் பேனையைக் கீழே வைத்துவிட்டாள்.

"பதினேழு வயதுப் பிள்ளையைக் கட்டாயப்படுத்திக் கொண்டுபோயிருக்கிறார்கள். அதற்காக இப்போது தேடுகிறார்கள். பாதுகாப்புக் கொடுப்பதே இப்படிப்பட்ட ஆட்களுக்குத்தான். முதல் நாளே இதைச் சொல்லியிருந்தால் என்னிடம் வரவேண்டிய தேவையே வந்திராது. ஏன் மறைத்தாள்?"

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. எனக்கே விளங்க நேரம் எடுத்தது. காப்பாற்றுகிறேன் என்று எந்தக் கதையை வெட்டி எறிந்தேனோ, அதுதான் அவளுக்கு இருந்த ஒரே கதை. 

"கேளுங்கள், சிஞ்ஞோரா. மறைக்கச் சொல்லி ஆராவது சொன்னார்களா?"

கேட்டேன். என் வாயாலேயே தமிழில் அவளிடம் கேட்டேன். "மறைக்கச் சொல்லி ஆரும் உனக்குச் சொன்னவையோ எண்டு கேக்கிறா."

சாரங்கா என்னைப் பார்க்கவில்லை. "ஒருதரும் சொல்லேல்லை. நானாத்தான் மறைச்சனான்."

"நன்றாக யோசிக்கச் சொல்லுங்கள். அப்படி ஒரு ஆள் இருந்தால், அந்த ஆள் வந்து எழுத்தில் கொடுத்தால், நீதிபதி வேறு மாதிரிப் பார்ப்பார். அது பெரிய வித்தியாசம்."

அதையும் மொழிபெயர்த்தேன். ஒரு சொல்லும் விடவில்லை. அவள் மறுபடியும், "ஒருதரும் இல்லை" என்றாள்.

நான் வக்கீலைப் பார்த்து, "நெஸ்ஸூனோ" என்றேன். என் இத்தாலியன் அவ்வளவு தெளிவாக ஒருநாளும் வந்ததில்லை. வக்கீல் எழுதினாள், சாரங்கா கையெழுத்துப் போட்டாள், மொழிபெயர்த்தவள் என்று அதற்குக் கீழே நானும் போட்டேன்.

படியிறங்கும்போது, "ஏனடி அப்பிடிச் சொன்னனி?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு சித்தாதினான்த்ஸா வர இருக்கெண்டு சொன்னனீங்கள்தானே, அக்கா."

திரும்பி மேலே ஏறியிருக்கலாம். இரண்டு மாடிதான். நான் பஸ்ஸுக்கு நேரம் பார்த்தேன். மூன்றாம் நாள் லண்டனுக்குப் பறந்து பேரப்பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டேன். என் இடத்துக்குச் சிஞ்ஞோர் வேறு ஒருத்தியை வைத்தார், நான் வந்ததும் அவள் போய்விட்டாள். வீடு தப்பியது.

தீர்ப்பு ஒக்டோபரில் வந்தது. சாரங்கா அதை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்து நான் வாசித்தேன். கட்டாயமாகப் பிடித்துச் சென்றார்கள் என்பது, ஆயுதச் சம்பவம் பொலிசுக்குத் தெரிய வந்த பிறகே சொல்லப்பட்டது. முதல் விசாரணையில் ஆறு தரம் நேரடியாகக் கேட்டும் விண்ணப்பதாரி மறுத்திருக்கிறாள். எவருடைய ஆலோசனையும் இன்றித் தானே மறைத்ததாக அவளே ஒப்புக்கொண்டிருக்கிறாள். ஆகவே நம்பமுடியாது. மேன்முறையீடு தள்ளுபடி.

'எவருடைய ஆலோசனையும் இன்றி.' என் நெஸ்ஸூனோ அங்கே அச்சில் கிடந்தது.

"என்ன போட்டிருக்கு அக்கா?"

சொன்னேன். அழவில்லை அவள். மேசை விரிப்பின் ஓரத்தை மடித்து மடித்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"நான்தான் பிழை விட்டனான். அண்டைக்குக் கோப்பித் தட்டைப் பிடிச்சுக்கொண்டு பேசாமல் நிண்டிருக்கவேணும். நிண்டிருந்தா இது ஒண்டும் நடந்திராது, என்ன அக்கா?"

குழல் என் நெஞ்சுக்கு நேரே இருந்தது என்று சொன்னவள் கேட்கிறாள். நான் "ஓம்" என்றேன். மாதாவே, நான் "ஓம்" என்றேன்.

இரண்டு நாள் என்னால் சாப்பிட முடியவில்லை. மூன்றாம் நாள் சிஞ்ஞோர் வீட்டுக்குப் போகாமல் நேரே வக்கீலிடம் போனேன். நான்தான் மறைக்கச் சொன்னது, ரவை இருந்ததும் உண்மை, எல்லாம் எழுதித் தாறன், என்ன வந்தாலும் வரட்டும் என்றேன்.  ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ரோமில் மேல் நீதிமன்றம் இருக்கிறது. முப்பது நாள் தவணை. ஆனால் தீர்ப்புக்குப் பிறகு எனக்கு வழக்காட அதிகாரம் தந்து புதிதாக ஒரு அதிகாரப் பத்திரத்தில் அவளே என் முன்னால் கையெழுத்துப் போடவேண்டும். அது இல்லாமல் நான் ஒன்றும் செய்ய முடியாது. அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்."

பல்லரோவில் அவள் அறைக்கு ஓடினேன். கட்டிலில் படுக்கை விரிப்பு மடித்து வைத்திருந்தது. முதல் நாள் விடியப் போய்விட்டாளாம். பிரான்ஸ் என்று ஒருத்தி சொன்னாள், ஜெர்மனி என்று மற்றவள் சொன்னாள். கடதாசி இல்லாமல் எல்லை கடக்கப் போகிறவள் ஆரிடம் சொல்லிவிட்டுப் போவாள்? ஃபோன் நிறுத்தியிருந்தது. ஸ்ஃபெர்ராகவால்லோக் கடையில் கேட்டேன். கோயிலில் அறிவிக்கச் சொன்னேன், ஏன் தேடுகிறேன் என்று ஃபாதரிடம் சொல்லவில்லை. பாரிஸில் இருக்கும் எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் அவள் படத்தை அனுப்பினேன். நீனோ தன் கடைக்கு வந்து போகிறவர்களிடமெல்லாம் விசாரித்தார். அவர் இப்போது வியாழக்கிழமைகளில் வருவதில்லை.

முப்பதாம் நாள் பின்னேரம் வக்கீலின் கந்தோரில் போய் இருந்தேன். நான் எழுதிக் கொடுத்த மூன்று பக்கமும் மேசையில் இருந்தன. ஒவ்வொரு பக்கத்தின் கீழும் என் கையெழுத்து. அதற்குப் பக்கத்தில் அதிகாரப் பத்திரம், சாரங்காவின் பெயர் அடித்து, கையெழுத்துப் போடும் இடம் வெறுமையாக. ஆறு மணிவரை அவளுடைய ஃபோன் இலக்கத்துக்கு அடித்துக்கொண்டே இருந்தேன். வக்கீல் யன்னலைச் சாத்திவிட்டுக் கோட்டைப் போட்டுக்கொண்டாள்.

"சிஞ்ஞோரா, கந்தோரைப் பூட்டவேண்டும்" என்றாள்.